வள்ளிக்குக் கலியாணம் ஆகவில்லை

மார்கழி பிறந்ததும் சென்னைப் பட்டணத்துப் பத்திரிகைகளில் சங்கீதக் கச்சேரிகளின் அட்டவணை பக்கம் பக்கமாக வெளிவரத் தொடங்கிவிடுகிறது. எந்த சபாவில் எந்த வித்வான், பக்கவாத்தியம் யார், சிற்றுண்டிச்சாலையில் என்ன பலகாரம் என்பது வரையில் ஒன்றும் விட்டுப்போவதில்லை. அதில் நமக்கு வருத்தம் கிடையாது. 1927-ஆம் வருஷம் டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது அதையொட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்று நடந்தது. அதன் பயனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. அங்கிருந்து கிளைத்துப் படர்ந்ததுதான் இந்த டிசம்பர் உற்சவம். தேசிய இயக்கத்தின் மடியில் பிறந்த குழந்தையைத் தேசியவாதிகள் வெறுக்க நியாயமில்லை. 2017-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் உலகத்தின் சங்கீத நகரங்களின் வரிசையில் சென்னையைச் சேர்த்தபோது, அந்தப் பெருமையில் நமக்கும் ஒரு பங்கு உண்டென்றே எண்ணினோம்.

ஆயினும், குளிர்காலத்துக் கலை என்றால் சென்னையில் நான்கு வாரம் நடப்பது மாத்திரமே என்று படித்தவர்கள் நினைத்துக் கொண்டிருப்பது பெரும் பிழை. திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் ஏறி நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு வேறொரு குளிர்காலம் தெரியும். தெற்கே சிறுமலை, மேற்கே கோடைக்கானல் மலைத்தொடர், கிழக்கே கரந்தமலை. நடுவே பரந்து கிடக்கிறது சமவெளி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மலைகளிலிருந்து ஈரக்காற்று இறங்கும் மார்கழியில் இந்தச் சமவெளியின் பருவம் தொடங்கி, மாசி முடியும்வரையில் நீடிக்கிறது. இதற்கு அட்டவணை அச்சிடுவார் இல்லை. பஞ்சாங்கமும், அறுவடையும், ஊர்க் கூட்டமும்தான் இதன் காரியதரிசிகள்.

மார்கழியில் விடியற்காலைப் பஜனை. கூட்டம் பெரும்பாலும் சிறுவர்களும் கிழவர்களும்தான். இடைப்பட்ட வயதினர் போர்வைக்குள் இருப்பார்கள். தை பிறந்ததும் காட்சி மாறுகிறது. ராஜகம்பளத்து நாயக்கர்கள் வாழும் கிராமங்களில் உருமி முழங்க, தலைப்பாகையும் கையில் துணியுமாக ஆண்கள் வரிசை பிடித்து ஆடும் தேவராட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். உருமியின் உறுமலுக்கு அடிகள் மாறும் நேர்த்தியை நமது நாட்டியசாலைகளிலும் எளிதில் காண்பதற்கில்லை. பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மனும், 1801-இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால நாயக்கரும் தோன்றிய குலத்தாரின் ஆட்டம் அது என்பதைத் தேச சரித்திரம் படித்தவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

அடுத்தது தைப்பூசம். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகள் நத்தம் வழியாக வந்து, திண்டுக்கல்லைக் கடந்து, ஒட்டன்சத்திரம் பாதையில் பழனிக்கு நடக்கின்றன. அவர்களுக்கு முன்னும் பின்னும் பல ஜில்லாக்களிலிருந்தும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் நடக்கிறார்கள். நாட்கணக்கில் அந்தச் சாலை முழுவதும் ஒரே நாடகமேடையாக இருக்கிறது. கழுகுமலை முருகனைப் பாடிய அண்ணாமலை ரெட்டியார் 1891-இல், இருபத்தாறாம் வயதில் காலமானார். அவர் அமைத்த காவடிச்சிந்தின் மெட்டுக்கள் இன்றைக்கும் பழனிச் சாலையில் நடப்பவனின் பாதத்தோடு இசைந்து வருகின்றன. சங்கீத சாஸ்திரம் அறியாதவனும் நடையினாலேயே அந்தத் தாளத்தைக் கற்றுக்கொள்கிறான். இக்காலத்தில் கூட்டத்தின் நடுவே ஒலிபெருக்கி வண்டி வைத்து சினிமா மெட்டில் பாட்டுப்போடும் வழக்கமும் புகுந்துவிட்டது. அதைப்பற்றி ஒரு வார்த்தை பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. திண்டுக்கல் நகரமே கோயில் மைதானத்தில் திரண்டு நிற்கும். நத்தத்திலும் மாரியம்மனுக்கு மாசியில்தான் விழா. வழுக்கு மரம் ஏறும் இளைஞர்களைக் காண அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் காலியாகிவிடும். கத்தோலிக்கக் கிராமங்களில் இதே பருவத்தில் தவக்காலம் பிறந்து, அதன் முடிவில் பாஸ்கா என்னும் கிறிஸ்துவின் பாடுகளின் நாடகத்துக்கு ஒத்திகை தொடங்குகிறது. சாமி எதுவாயினும், இந்தச் சமவெளியில் திருவிழா என்றால் அதற்கு ஒரு நாடகம் வேண்டும்.

அந்த நாடகத்தைப் பற்றித்தான் நாம் எழுத வந்தது.

கிராமத்தார் அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் சொல்லுகிறார்கள். கம்பெனி நாடகம் போல் ஒரே முதலாளியின்கீழ் ஒரு குழு என்பது இதில் இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர்க்காரர். ஸ்திரீபார்ட் மற்றொரு ஊர். பபூனும், டான்ஸ் ஆடும் பெண்ணும், ஆர்மோனியக்காரரும், மிருதங்கக்காரரும் தனித்தனியே வெற்றிலை பாக்கும் முன்பணமும் பெற்றுக்கொண்டு, குறித்த நாளில் அந்தந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, கிராமத்துக் கொட்டகையில் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். அதை ஆதாரமாகக் கொண்டு, விடிய விடிய வாதமும் எதிர்வாதமுமாக அந்தந்த நிமிஷத்தில் கட்டிக்கொண்டு போகிறார்கள். இருபது வருஷம் கோர்ட்டில் நின்று பேசிய நமக்கு, நாரதருக்கும் வள்ளிக்கும் தினைப்புனத்தில் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கும்போது சற்றுப் பொறாமையாகவே இருக்கும். எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்பார் என்று முன்கூட்டித் தெரியாமல், ராகம் தப்பாமல் பதில் சொல்லுவது லேசான காரியமா?

1867-இல் பிறந்த சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அவரிடம் பாலகர்களாகப் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் பிற்காலத்தில் தனிக் கம்பெனி கண்டு, தேசபக்தி நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கம்பெனிகள் சினிமாவின் முன் நிற்கமாட்டாமல் ஒவ்வொன்றாக மறைந்துபோயின. சுவாமிகளின் நாடகங்களோ, கம்பெனி இல்லாத ஸ்பெஷல் நடிகர்களின் வாயில் நூறு வருஷமாகப் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் இந்நடிகர்களின் சங்கங்கள் இருக்கின்றன. சுவாமிகள் மறைந்த நவம்பரில் அவருக்குக் குருபூசை செய்கிறார்கள். பிறகு மார்கழியைப் பெரும்பாலும் வீட்டில் கழித்து, தை, மாசியில் முதல் அழைப்புக்களை எதிர்பார்த்திருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில்தான் முழு வேலை. குளிர்காலத்து அழைப்புக்கள் குறைந்தால் அவ்வருஷம் முழுவதும் கடன்தான் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த மேடை தேசத்துக்குச் செய்த தொண்டை இன்றைய வாலிபர்கள் அறியமாட்டார்கள். கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரின் விஜயத்தைப் பரிகசித்து ஒரு நாடகம் போட்டார்கள் என்பதற்காக 1876-இல் அந்நிய சர்க்கார் நாடகச் சட்டத்தைப் பிறப்பித்தது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான், வள்ளி திருமணம் என்றும் கோவலன் என்றும் நோட்டீஸ் அடித்துவிட்டு, மேடையில் கதருக்கும் காந்தியடிகளுக்கும் பாட்டுப் பாடினார்கள் நமது நடிகர்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டு எழுதினார். விசுவநாத தாஸ் பாடினார். போலீஸார் கொட்டகை வாசலில் காத்திருப்பதும், முருகன் வேஷத்தோடு தாஸ் கைதாவதும் அந்தக் காலத்தில் வழக்கமாகிவிட்ட செய்தி. அவருக்காக வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் கோர்ட்டில் வாதாடியதாகச் சொல்லுவார்கள். நாவித குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவருடன் நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. ஜனங்களோ அவரைக் கைவிடவில்லை. 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி, மார்கழிக் குளிரில், சென்னையில் வள்ளி திருமணத்தில் மயிலின்மேல் முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருக்கும்போதே விசுவநாத தாஸின் உயிர் பிரிந்தது. சென்னையின் டிசம்பர் உற்சவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த டிசம்பர் இரவையும் ஒரு வரியில் குறிக்கலாம்.

நமது ஜில்லாவும் சளைத்ததன்று. வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்த சுப்பிரமணிய சிவம் தமது பிரசங்கத்தோடு நாடகத்தையும் தேசத்தொண்டுக்குக் கருவியாகக் கொண்டு, நாடகங்கள் எழுதினார். 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில்தான் 1977-ஆம் வருஷம் செ. ராமாநுஜமும், மலையாளத்தின் ஜி. சங்கரப் பிள்ளையும் நடத்திய நாடகப் பயிற்சிப் பட்டறை கூடியது. தமிழில் இன்று நவீன நாடகம் என்று சொல்லப்படுவதற்கு அது ஒரு முக்கியமான நாற்றங்கால். அந்தப் பட்டறைக்குப் பிறகு படித்த நாடகக்காரர்கள் கூத்திலும் கிராமிய நாடகத்திலும் இருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டார்கள். கிராமத்து நடிகன் அவர்களிடமிருந்து என்ன பெற்றான் என்று கேட்டால் பதில் சொல்லுவது கஷ்டம்.

இனி, சென்ற மாசியில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகிறோம். சிறுமலை அடிவாரத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அம்மன் கோயில் விழா. இரவு வள்ளி திருமணம். ஊர்ப் பெரியவர் ஒருவர் நமது பழைய கட்சிக்காரர். "வக்கீலையா, நீங்க ஒரு ராத்திரி வந்து எங்க நாடகத்தைப் பாக்கணும்" என்று பல வருஷமாக வற்புறுத்தி வந்தார். போனோம். அம்மன் ஊர்வலம் முடிந்து ஜனங்கள் சாப்பிட்டு வந்து உட்காரும்போது மணி ஒன்பதரை. பெண்கள் பாயும் போர்வையும் தூங்கும் குழந்தைகளுமாக முன்வரிசையில் அமர்ந்துவிட்டார்கள். ஓரத்தில் நெருப்பு மூட்டிக்கொண்டு ஆண்கள். கால் ஆர்மோனியம் சுருதி பிடித்தது. முதலில் பபூன் வந்தார். பிறகு பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும். அதில் பாதி நமது பத்திரிகையில் அச்சேறக்கூடியது. மற்றப் பாதியைப்பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வாலிபர்கள் விசிலடித்தார்கள். கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

மணி பன்னிரண்டு அடிக்கும் சமயம் பபூன் விடைபெற்றார். திரை மாறியது. கம்பீரமான குரலில் நாரதர் உள்ளேயிருந்து விருத்தம் தொடங்கினார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாரதர் மேடைக்கு வந்து, ஒரு பாட்டுப் பாடி முடிக்கவில்லை. போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. பத்து மணிக்கே நிறுத்தியிருக்கவேண்டும், ஊர்ப் பொதுக் காரியம் என்பதற்காகப் பன்னிரண்டு வரையில் பொறுத்தோம், இனி வேண்டாம் என்றார். ஆர்மோனியம் நின்றது. விளக்குகளில் பாதியை அணைத்தார்கள். பேசிய தொகையில் ஒரு பைசா குறையாமல் ஊரார் நடிகர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதை இங்கே குறிக்கவேண்டும். வள்ளியாக வேஷம் போட்டிருந்த அம்மையார், ஒரு வார்த்தைகூட மேடையில் பேசாமலே அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, சால்வையால் காதை மூடிக்கொண்டு, முதல் பஸ் வரும் வரையில் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, "வள்ளிக்குக் கலியாணம் ஆகலையே, சாமி" என்று நம்மைப் பார்த்துச் சொன்னாள். ஊருக்கு அது அபசகுனம் என்பது அவள் கவலை.

கிழவியின் கவலை அப்படியிருக்க, வக்கீலின் கவலை வேறு. சட்டம் அன்றிரவு எதை அனுமதித்தது, எதை நிறுத்தியது என்று பாருங்கள். சிலேடைப் பேச்சும் ஆட்டமும் முழுமையாக நடந்தேறின. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும், வேதாந்தமும், தர்க்கமும், கலியாணமும் நின்றுபோயின. நாடகத்தின் தலைப்பகுதியில் தமாஷும் பின்பகுதியில் கதையும் என்பது நெடுநாளைய ஏற்பாடு. குழந்தைகளும் விடலைகளும் தூங்கிய பிறகு விஷயம் தெரிந்தவர்கள் கேட்பதற்காகக் கதையைப் பின்னிரவுக்கு வைத்தார்கள். அயலூர்க்காரன் விடிந்ததும் நடந்து வீடு போய்ச்சேரலாம் என்பதும் ஒரு காரணம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறுக்கே வெட்டினால் கிராமத்துக்கு மிஞ்சுவது பபூன் மாத்திரமே. கிராமிய நாடகம் ஆபாசமாகிவிட்டது என்று பட்டணத்தில் குறை சொல்லுகிறவர்கள், கடிகாரம் வெட்டியதன் மிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த அதிகாரியின்மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்தது 2000-ஆம் வருஷத்துச் சப்தமாசு ஒழுங்குமுறை, கட்டுப்பாட்டு விதிகள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில் ஒலிபெருக்கி கூடாது என்பது அதன் ஐந்தாவது விதி. 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு இதை வலியுறுத்தி விரிவான தீர்ப்பு அளித்தது. தூங்குவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு, பிறன் காதுக்குள் பலவந்தமாகச் சப்தத்தைப் புகுத்த எவனுக்கும் உரிமை இல்லை என்ற அந்தக் கொள்கையை நாம் மனப்பூர்வமாக ஏற்கிறோம். பரீக்ஷைக்குப் படிக்கும் பிள்ளையும், பிரசவித்த தாயும், நோயாளியும் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

ஆனால் 2010-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். ஒலிபெருக்கியோடு நிற்காமல், சப்தம் உண்டாக்கும் கருவி, வாத்தியம் எல்லாமே இரவில் கூடாது என்று விரிவாக்கிவிட்டார்கள். அதாவது, ஒலிபெருக்கியே இல்லாமல் ஒரு ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் வைத்துக்கொண்டு, கிட்டப்பா காலத்து நடிகர்களைப்போல் சொந்தக் குரலில் பாடினாலும் குற்றமே. யாருக்கு விலக்கு? மூடிய கட்டிடங்களுக்கு விலக்கு. கலையரங்கம், மகாநாட்டு மண்டபம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் என்று விதியிலேயே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. சுவர் உள்ளவனுக்கு இரவு உண்டு. திடலில் உட்காருகிறவனுக்கு இல்லை. இப்படிப் பேதம் செய்யவேண்டுமென்று யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். டில்லியில் உட்கார்ந்து விதி எழுதுகிறவருக்கு நாடகம் என்றால் சுவர்களுக்குள் நடப்பது என்றுதான் நினைவு வரும். பலன் என்னவோ ஒன்றுதான்.

விதி நடைமுறையில் எவ்வாறு நடக்கிறது என்பதும் யோசிக்கத்தக்கது. காலை ஆறு மணிக்கு முன் வாத்தியமும் ஒலிபெருக்கியும் கூடாதென்றால் மார்கழி மாதம் முழுவதும், நாலரை மணிக்குக் கோபுரத்தில் அலறுகிற ஒலிபெருக்கியும் குற்றந்தான். அதற்கு எந்த ஜீப்பும் வருவதில்லை. எந்த மதத்தார் ஸ்தலமாயினும் இப்படியே. அரசியல் கூட்டங்களைப் பற்றிச் சொல்லவேண்டாம்; நாமும் பேசியிருக்கிறோம். தைப்பூசச் சாலையில் நள்ளிரவில் சினிமா மெட்டுப் போட்டுக்கொண்டு போகும் வண்டியை யார் நிறுத்துகிறார்? தடை நன்றாக அமலாவது நாடகக் கொட்டகையில்தான். ஏனென்றால் நாடகக்காரன் முன்கூட்டி மனுப் போட்டு, தேதியும் இடமும் சொல்லி, அநுமதிக்குக் கைகட்டி நிற்கிறான். ஸ்டேஷனில் அநுமதி கிடைக்காவிட்டால் ஊரார் மதுரைக்குப் பஸ் ஏறி, 2004 முதல் அங்கே கூடிவரும் ஹைகோர்ட்டுக் கிளையில் மனுப் போடவேண்டும். விழாக் காலங்களில் இத்தகைய மனுக்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. இத்தனை மணிக்குள் முடிக்கவேண்டும், ஆபாசம் கூடாது, ஜாதிப் பாட்டுக் கூடாது என்ற ஷரத்துக்களோடு உத்தரவு ஆகிறது. ஷரத்துக்களில் பிழை காணமுடியாது. ஒரு கிராமத்துத் திருவிழா நாடகத்துக்கு ஹைகோர்ட்டு ஜட்ஜியின் பொழுதும் ஊராரின் வக்கீல் பீஸும் செலவாகவேண்டுமா என்பதே கேள்வி. பீஸ் வாங்குகிற தொழிலில் இருந்துகொண்டே இதைக் கேட்கிறோம்.

இங்கே ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கிறது. நாடகத்தின் விஷயத்தை அடக்க எழுந்த சட்டங்கள் இன்று செத்துவிட்டன. சுதந்திரம் வந்த பிறகு நமது மாகாண சர்க்காரே 1954-இல் நாடகச் சட்டம் ஒன்றை இயற்றியது, எம். ஆர். ராதாவின் நாடகங்களை முன்னிட்டு வந்தது அது என்பது பிரசித்தம். அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாவென்று 2013-இல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 1876-ஆம் வருஷத்து அந்நியச் சட்டத்தையும் பார்லிமெண்டு சில வருஷங்களுக்கு முன் ரத்து செய்துவிட்டது. ஆக, நடிகன் என்ன வேண்டுமாயினும் பேசலாம்; பேசுவதற்குத்தான் நேரம் இல்லை. அந்நியச் சட்டம் செய்யமுடியாததைக் கடிகாரம் செய்துவருகிறது. 2020-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், அதாவது அவர்களுக்குப் பங்குனி அழைப்புக்கள் குவியும் சமயத்தில், கொள்ளைநோய் ஊரடங்கு வந்து அவ்வருஷத்தையும், அடுத்த வருஷத்தில் பெரும் பகுதியையும் விழுங்கிவிட்டது. அந்த அடியிலிருந்து எழுந்து நிற்க முயலுகிறவனை ஜீப் விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

இந்தக் கஷ்டம் நமக்கு மாத்திரம் உரியதன்று. மேற்குக் கடற்கரையில் தென் கன்னட ஜில்லாவில் யக்ஷகான மேளங்கள் கார்த்திகை தொடங்கி வைகாசி வரையில் இரவு முழுவதும் ஆடுவது மரபு. இதே விதியைக் காட்டி, கட்டீல் துர்க்காபரமேசுவரி கோயிலைச் சேர்ந்த பிரசித்தி பெற்ற மேளங்களை 2022-இல் மாலையில் ஆரம்பித்து முன்னிரவில் முடிக்கும்படி சுருக்கினார்கள். பக்தர்கள் சும்மா இருக்கவில்லை. விவாதம் மூண்டது, விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று, பிறகு சப்த அளவுக்கு நிபந்தனை விதித்து மீண்டும் விடிய விடிய ஆட வழி பிறந்தது. அங்கே கலைக்குப் பின்னால் பெரிய கோயில் ஒன்று நின்றது. நமது ஸ்பெஷல் நடிகனுக்குப் பின்னால் நிற்பது ஆர்மோனியப் பெட்டி ஒன்றுதான்.

என்ன செய்யலாம்? விதியிலேயே ஒரு வாசல் இருக்கிறது. கலாசார, மத விழாக்களை முன்னிட்டு வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல், இரவு பத்து முதல் பன்னிரண்டு மணி வரையில் மாகாண சர்க்கார் விலக்கு அளிக்கலாம். எந்தெந்த நாட்கள் என்று முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். சர்க்கார் அதிகாரம் அளித்தால் ஜில்லா அதிகாரியே தமது எல்லைக்குள் அந்த நாட்களைக் குறிக்கலாம் என்று 2010-ஆம் வருஷத்துத் திருத்தம் இடம் கொடுக்கிறது. சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் திருவிழாத் தேதி ஒன்றல்லவே! தைப் பொங்கலையொட்டிச் சில நாட்களும், மாசி விழாவையொட்டிச் சில நாட்களும் நமது ஜில்லாவுக்கு என்று கலெக்டர் மார்கழியிலேயே பிரசுரித்துவிட்டால், கிராமத்தார் அந்தத் தேதிகளுக்கு நாடகம் வைத்துக்கொள்வார்கள். ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டியதில்லை. வாத்தியங்களைத் தடையில் சேர்த்த 2010-ஆம் வருஷத்து வார்த்தைகளை டில்லி சர்க்கார் மறுபடியும் பரிசீலிக்கவேண்டும் என்று நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கேட்கலாம். ஒலிபெருக்கி இல்லாத நாடகத்துக்கு இரவு முழுவதையும் திருப்பிக் கொடுத்தால் யார் தூக்கம் கெடும்?

நடிகர் சங்கத்தாருக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது; அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பன்னிரண்டு மணிதான் எல்லை என்றால், பன்னிரண்டு மணிக்குள் வள்ளிக்குக் கலியாணம் செய்துவைக்கும்படி நாடகத்தை அமைத்துக்கொள்ளக் கூடாதா? எட்டு மணிக்குத் திரை தூக்கி, பபூனுக்கு அரைமணி கொடுத்து, கதையை முன்னுக்குக் கொண்டுவரலாம். நமது கட்சிக்காரரான பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "எட்டு மணிக்கு யாருங்க வருவா? மாட்டைக் கட்டி, பால் கறந்து, கஞ்சி குடிச்சு வரவே ஒம்பதுக்கு மேல ஆயிடும்" என்றார். நியாயந்தான். நடிகர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "தர்க்கத்தை நாலு மணிக்கு மேல்தான் பேசமுடியும் ஐயா. அதுக்கு முன்னாடி பேசினா வாய் வரும், வார்த்தை வராது." அவர் சொன்னதில் எவ்வளவு தொழில், எவ்வளவு பிடிவாதம் என்று நிறுத்துப்பார்க்க நம்மால் ஆகவில்லை. மயான காண்டத்தை விடியற்காலைப் பனியில் பாடிப் பழகிய அரிச்சந்திரனை, சாப்பாட்டு வேளையில் பாடு என்றால் அவனுக்கும் சங்கடந்தான். ஆயினும், தலையே போகும் சமயத்தில் தலைப்பாகைக்கு அளவு பேசிக்கொண்டிருக்க முடியாது. கொம்பு ஒலிபெருக்கிகளை ஊரின் நாலு மூலையிலும் கட்டும் வழக்கத்தையாவது சங்கத்தார் உடனே விடவேண்டும். திடலுக்கு உள்நோக்கி இரண்டு சிறு பெட்டிகள் போதும். வராதவன் வீட்டிலும் நாடகம் கேட்கவேண்டுமென்ற பேராசையால்தான் வழக்கு வருகிறது.

மேற்படி கிராமத்தார் இந்த வருஷமும் மாசித் திருவிழாவுக்கு வள்ளி திருமணமே பேசி, நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸ் மாதிரியைச் சென்ற வாரம் பெரியவர் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். நடிகர்களின் படங்களும் பட்டங்களும் வழக்கம்போல் நிறைந்திருந்தன. ஆரம்பிக்கும் நேரத்துக்கு மாத்திரம் இடம் காலியாக விட்டிருந்தது. "அதை என்னான்னு போடறதுங்க?" என்று கேட்டார். சர்க்காரின் அறிவிப்பு வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.